வேண்டாம் என்றே அமுக்க வேண்டிய பெட்டி

முப்பதைத் தாண்டிய ஒருத்தி ‘எங்கள் காலத்தில்’ என்று ஆரம்பித்தால் பெரியவர்கள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். டிவிக்கு முன்னால் தரையில் உட்கார்ந்து, வயர் வைத்த கேம் ரிமோட்டுக்காக அடித்துக்கொண்ட நம் செட்டுக்குத் தெரியும், அந்த விஷயத்தில் நாமெல்லாம் கிழடு தட்டியவர்கள்தான் என்று. டிஸ்க் என்றால் எப்படி இருக்கும் என்று என் மகன் கேட்டான். காட்ட வீட்டுக்குள் ஒன்றுகூட இல்லை. அம்மா எல்லாவற்றையும் காக்காய் விரட்டக் கொய்யா மரத்தில் நூல் கோத்துக் கட்டியிருந்தாள். அதில் மிஞ்சிய ஒன்றைத்தான் கழற்றிக் கொடுத்தேன். உப்புக்காற்றில் ஒரு பக்கம் உரிந்து கண்ணாடி மாதிரி ஆகியிருந்தது. அவன் அதில் முகம் பார்த்தான்.

அந்த டிஸ்க்கைப் பார்த்ததிலிருந்து எனக்கு மனசு சரியில்லை. நான் பிறவியிலேயே பயந்தாங்கொள்ளி. இதை எழுத உட்கார்ந்த பிறகும் கேஸை மூடினேனா என்று எழுந்து போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். மூடித்தான் இருந்தது.

பரீட்சை என்றால் எனக்கு வாந்தி வரும். பள்ளிக்கூடத்துக்கு மரக்காணம் போகிற பஸ்ஸில் ஏறினால் வயிற்றைப் பிசையும். எட்டாவது முடித்ததும் அம்மா, போதும், வீட்டிலேயே இரு என்று நிறுத்திவிட்டாள். அந்தக் கோடையில்தான் அத்தாவும், அப்பாவை அப்படித்தான் கூப்பிடுவோம், வளைகுடாவிலிருந்து திரும்பி வந்தார். ஒரே வீட்டில் இரண்டு பேர் நின்றுபோனோம். நான் பள்ளிக்கூடத்திலிருந்து, அவர் வேலையிலிருந்து.

அத்தா அங்கே ஒரு அரபியின் கடைக்கு வண்டி ஓட்டினார். இக்காமா என்று ஒரு அட்டை கொடுப்பார்கள். அந்த நாட்டில் தங்குவதற்கு அதுதான் அனுமதி. வருஷா வருஷம் புதுப்பிக்க வேண்டும். முதலாளி நாளைக்கு, நாளைக்கு என்று இழுத்தான். நல்ல மனுஷன், வற்புறுத்தினால் சங்கடப்படுவான் என்று அத்தாவும் விட்டுவிட்டார். தேதி தாண்டிய அட்டையோடு ஒரு சிக்னலில் பிடிபட்டார். ஜெயில் மாதிரி ஓரிடத்தில் வைத்திருந்து, பத்து விரலுக்கும் கைரேகை எடுத்து, ஒரு பையோடு விமானத்தில் ஏற்றிவிட்டார்கள். கைரேகை வைத்து அனுப்பிவிட்டால் அவ்வளவுதான். பேரை மாற்றிப் புது பாஸ்போர்ட்டில் போனாலும், அங்கே இறங்கி விரலை வைத்த அந்த நிமிஷமே மெஷின் கண்டுபிடித்துத் திருப்பி அனுப்பிவிடும்.

எங்கள் கூனிமேட்டில் வளைகுடாவுக்கு ஆள் அனுப்பிய எல்லா வீட்டிலும் இந்தப் பயம் உண்டு. அங்கிருந்து ஃபோன் வந்தால் சலாம் சொன்னதும் அடுத்த கேள்வி, “அடிச்சாச்சா?” விசா அடித்துப் புதுப்பித்தாயிற்றா என்று கேட்கிறார்கள். சாப்பிட்டாயா என்பதெல்லாம் அதற்குப் பிறகுதான். திரும்பி வந்த அத்தாவுக்கு அது ஒரு வியாதி மாதிரியே ஆகிவிட்டது. பிஸ்கட் பாக்கெட்டோ மருந்து அட்டையோ, எதிலாவது தேதி அச்சடித்திருந்தால் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் படிப்பார். படித்துவிட்டு, “இன்னும் இருக்குது” என்று யாரிடமோ சொல்வது போலச் சொல்லிக் கீழே வைப்பார்.

அவர் இனி போக முடியாது. ஆகவே அண்ணன் போக வேண்டும். அங்கே இருந்த மாமா, அம்மாவின் தம்பி, விசாவுக்குச் சொல்லி வைத்துவிட்டார். அண்ணனின் பாஸ்போர்ட் பீரோவில் அம்மாவின் பட்டுப்புடவைக்கு அடியில் இருந்தது. அண்ணனுக்குப் போக இஷ்டமில்லை. அவன் பத்தாவது பாஸ் பண்ணியபோது அத்தா வாங்கி அனுப்பிய கேம் பெட்டி ஒன்று வீட்டில் இருந்தது. வாசல் அறையில் அதை வைத்துக் கேம் ரூம் நடத்துகிறேன், வீட்டைப் பார்த்துக்கொள்கிறேன் என்றான். பெரிய சண்டை நடந்தது. கடைசியில் அத்தா ஒரு வாய்தா கொடுத்தார்.

“மழ வர்ற வரைக்கும் நடத்து. இதுல வீடு ஓடும்னு எனக்குத் தெரிஞ்சா மாமாகிட்ட வேணாம்னு சொல்லிடறேன். இல்லேன்னா வாயத் தொறக்காம பிளைட் ஏறணும்.”

மழை என்றால் எங்கள் பக்கம் ஐப்பசி மழை. அது இறங்கினால் உப்பளத்து வேலை நின்றுவிடும், பாத்தியெல்லாம் கரைந்துவிடும். அந்த வருஷம் உப்பளக்காரர்களும் நானும் ஒரே துஆதான் கேட்டோம். மழை வேண்டாம். எனக்கு அந்த வீட்டில் பயம் தெரியாமல் இருந்தது அண்ணன் பக்கத்தில் இருக்கும்போது மட்டும்தான். இடி இடித்தால் கிண்டல் பண்ணிக்கொண்டே வந்து என் காதைப் பொத்துகிறவன் அவன். அவன் போய்விட்டால் அப்புறம் யார்?

*

கேம் ரூம் உங்கள் ஊரிலும் இருந்திருக்கும். ஆனால் எங்கள் ரூமில் வாசலில் ஒரு பக்கெட் நல்ல தண்ணீர் இருக்கும். உப்பளத்துப் பையன்கள் விடியலில் பலகையால் உப்பு வாரிவிட்டு, வெயில் ஏறியதும் நேராக இங்கே வருவார்கள். காலில் உப்பு பூத்திருக்கும், விரலிடுக்கில் வெள்ளையாகக் காய்ந்திருக்கும். கை கழுவித் துடைத்துக் காட்டினால்தான் அண்ணன் ரிமோட்டைக் கையில் கொடுப்பான். உப்பு பட்டால் பட்டன் இரண்டு வாரத்தில் இறுகிவிடும். எக்கியார்குப்பத்திலிருந்து வருகிற மீன்காரப் பையன் ஒருவன் மட்டும் தினமும் சண்டை போடுவான்.

“நா கடலுக்கே போவல இன்னிக்கி. எதுக்கு கழுவணும்?”

“உன் மூஞ்சியப் பாத்தாலே உப்பு கரிக்குது. கழுவுடா.”

வெளியே உப்பளத்தின் வெள்ளையைப் பார்த்துவிட்டு உள்ளே வந்தால் கொஞ்ச நேரம் எல்லாம் பச்சையாகத் தெரியும். அந்தப் பச்சையில் பெட்டியின் விளக்கு மட்டும் தனியாக மினுங்கும். பையன்களின் வியர்வை வாடை, மூலையில் சுற்றுகிற டேபிள் ஃபேனின் கறகற, யாராவது கோல் போட்டால் எழும்புகிற கூச்சல். பையன்கள் இருக்கும்போது நான் உள்ளே போகக்கூடாது. காலையில் யாரும் வருவதற்கு முன்னால் ஆடலாம். அண்ணனும் நானும் ஆடுவோம். அவன் வேண்டுமென்றே தோற்பான். அது தெரிந்தும் நான் ஜெயித்ததாகத்தான் வைத்துக்கொள்வேன்.

அந்தப் பெட்டி அத்தா அனுப்பியபோது இருந்த மாதிரி இல்லை. அது அண்ணனுக்கும் எனக்கும் மட்டும்தான் தெரியும். ஒரிஜினல் டிஸ்க் வாங்கிக் கேம் ரூம் நடத்தக் கட்டுப்படியாகாது என்று அண்ணன் அதைப் புதுச்சேரிக்குத் தூக்கிக்கொண்டு போனான். டாக்டரிடம் காட்டுகிற சாக்கில் நானும் கூடப் போயிருந்தேன். அங்கே ஒரு சந்துக்குள் ரிப்பேர்க்காரர் ஒருவர், பூதக்கண்ணாடி பொருத்திய விளக்குக்குக் கீழே உட்கார்ந்திருந்தார். பெட்டியைத் திறந்து, தலைமுடி மாதிரி வயர்களை வைத்து ஈயம் ஒற்றினார். கடை முழுக்க ஊதுபத்தி தீய்ந்த மாதிரி ஒரு வாசனை.

பெட்டி எழுந்ததும் முதலில் படிக்கிற பாடம் ஒன்று உள்ளே எழுதியிருக்கும், அதற்கு ஃபர்ம்வேர் என்று பெயர் என்றார் அவர். கம்பெனி எழுதிய பாடத்தில், கம்பெனி முத்திரை இல்லாத டிஸ்க்கைச் சேர்க்காதே என்று இருக்கும். ஆனால் அந்தப் பழைய பாடத்தில் ஒரு ஓட்டை. அதன் வழியாக உள்ளே புகுந்து தன் பாடத்தை எழுதி வைத்துவிடுவார். அதற்குப் பிறகு எந்த டிஸ்க்காக இருந்தாலும் ஓடும்.

“ஒண்ணே ஒண்ணு ஞாபகம் வெச்சுக்கோ தம்பி,” என்றார். “நெட்டுல மாட்டாத. புது கேமு டிஸ்க் எதுனா போட்டா, அப்டேட் இருக்கு, போடவான்னு கேக்கும். டிஸ்க்குக்குள்ளயே வெச்சு அனுப்பறான். வேணாம்னு அமுக்கு. எத்தினி தபா கேட்டாலும் வேணாம்.”

ஈயம் இன்னொரு இடத்திலும் தொட வேண்டும், சின்ன மிளகு மாதிரி ஒன்றை எடுத்துவிட்டால் இன்னும் பத்திரம் என்றும் சொன்னார். அண்ணன் பயந்துவிட்டான். போதும் அண்ணே, இதுக்கு மேல தொடாதீங்க என்று பெட்டியை வாங்கிக்கொண்டான். பஸ்ஸில் வரும்போது, அத்தாவிடம் சொல்லாதே, புதுப் பெட்டியைத் திறந்தது தெரிந்தால் குதிப்பார் என்றான். நான் சொல்லவில்லை. அத்தாவுக்கு அது தான் கடையில் வாங்கி, அட்டைப்பெட்டி பிரிக்காமல் அனுப்பிய அதே பெட்டிதான்.

அன்றிலிருந்து எனக்குத் தூக்கம் கெட்டது. பையன் எவனாவது புது டிஸ்க்கைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு வருவான். வெளியிலிருந்து வருகிற டிஸ்க்கை அண்ணன் முதலில் பக்கத்துத் தெரு கம்ப்யூட்டர் சென்டரில் போட்டுப் பார்ப்பான். அப்டேட்டைக் கழித்துவிட்டுக் காப்பி எடுத்த பிறகுதான் பெட்டிக்குள் போகும். ஒரு முறை மீன்காரப் பையன் பொறுக்காமல் ஒன்றைப் போட்டுவிட்டான். திரையில் கேள்வி வந்ததும் அண்ணன் பாய்ந்து ரிமோட்டைப் பிடுங்கினான். நான் கதவிடுக்கில் நின்றிருந்தேன். ‘வேண்டாம்’ அமுக்கிய பிறகும் அவன் ரிமோட்டை விடாமல் நின்றதைப் பார்த்தேன். அண்ணனுக்குக்கூடப் பயம் வரும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

ஆனாலும் ரூம் ஓடியது. புரட்டாசி பிறந்தபோது வாசலில் செருப்பு வைக்க இடமில்லை. ஒருநாள் அத்தா அந்தச் செருப்புகளைப் பார்த்துக்கொண்டே நெடுநேரம் நின்றார். உள்ளே வந்து அம்மாவிடம், “பையன் பொழச்சுக்குவான் போல இருக்கே” என்றார். நான் அடுப்படியில் இருந்தேன். பாலைப் பொங்க விட்டுவிட்டேன்.

*

அந்த வருஷங்களில் கரண்ட் எப்படிப் போகும் என்று உங்களுக்குச் சொல்லவேண்டியதில்லை. இன்வெர்டர் பேட்டரி படுத்துவிட்டதென்று அண்ணன் அதைப் பைக்கில் கட்டிக்கொண்டு திண்டிவனம் போயிருந்தான். அம்மா துக்கம் கேட்க ஒரு மௌத்து வீட்டுக்குப் போயிருந்தாள். காலை நேரம்தான். பையன்கள் இன்னும் உப்பளத்தில் இருந்தார்கள்.

பக்கத்து வீட்டு மாப்பிள்ளை அப்போது லீவில் வந்திருந்தார். அத்தா கையில் ஒரு டிஸ்க்கைக் கொடுத்து, புதுக் கால்பந்து கேம், ஒரிஜினல், தம்பிக்கு என்றாராம். அத்தா அதோடு வாசல் அறைக்குள் போவதைப் பார்த்தேன். அதுவரை அவர் அந்த அறைக்குள் உட்கார்ந்ததே இல்லை. அன்றைக்குப் பாயைத் தட்டிப் போட்டு உட்கார்ந்தார். வேட்டியில் கையைத் துடைத்தார். எழுந்துபோய் வாசல் பக்கெட்டில் கை கழுவிவிட்டு வந்து மறுபடி உட்கார்ந்தார்.

“அவன் வர்றதுக்குள்ள போட்டு ரெடியா வெச்சிருவோம்” என்றார் என்னிடம். குரலில் ஒரு சந்தோஷம் இருந்தது.

அண்ணன் வந்துவிடட்டும் அத்தா என்றேன். டிவி போடத் தெரிந்தவனுக்கு இது தெரியாதா என்றார். டிஸ்க் உள்ளே போனது. திரை இருண்டது, அப்புறம் இங்கிலீஷில் எழுத்து வந்தது.

அத்தா கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டார். வளைகுடாவில் ஃபாரம் படித்துப் பழகிய இங்கிலீஷ் அவருக்கு. விரலை டிவிமேல் வைத்து ஒவ்வொரு வார்த்தையாகப் போனார். ஆட வேண்டும் என்றால் அப்டேட் பண்ண வேண்டும், வேண்டாம் என்றால் வெளியே போய்விடும் என்று போட்டிருந்தது. அவர் முகத்தில் இருந்த சந்தோஷம் போய்விட்டது.

“பாத்தியா. புதுப்பிக்காம வெச்சிருக்கான். எவ்ளோ நாளா கேக்குதோ என்னமோ.”

“அண்ணன் வேணாம்னுதான் அமுக்கும் அத்தா. வேணாம்னு அமுக்குங்க.”

“எப்பவுமேவா?”

“எப்பவுமே.”

அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். கோபமே இல்லை. பயம்தான் இருந்தது. “இப்படித்தாம்மா நாளைக்கி, நாளைக்கின்னு நானும் இருந்தேன். ஒருநாள் மொத்தமா நிறுத்திட்டான்னா? பையன் இத நம்பித்தான் உக்காந்திருக்கான்.”

எதற்காக வேண்டாம் என்று எனக்கு விளக்கத் தெரியவில்லை. ரிப்பேர்க்காரர், ஓட்டை, பாடம் எல்லாம் ஒன்றோடொன்று குழம்பின. பெட்டியைத் திறந்தார்கள் அத்தா, இது பழைய மாதிரி இல்லை என்று சொல்லியும்விட்டேன். அவர் காதில் ஏறவில்லை. கேட்டிருந்தாலும், திறந்த பொருளென்றால் இன்னும் முதலில் புதுப்பிக்க வேண்டும் என்றுதான் நினைத்திருப்பார். அண்ணனுக்கு ஃபோன் போட ஓடினேன். அடித்தது, எடுக்கவில்லை. பைக் ஓட்டிக்கொண்டிருந்திருப்பான். திரும்பி வந்தபோது ஒரு கோடு இடமிருந்து வலமாக நிரம்பிக்கொண்டிருந்தது.

முடியும் வரை அணைக்காதீர்கள் என்று அதற்குக் கீழே எழுதியிருந்தது. அத்தா அதையும் படித்தார். மணியைப் பார்த்தார். கரண்ட் போகிற நேரம் நெருங்கிக்கொண்டிருந்தது. எங்கள் வீட்டு ஸ்விட்ச் போர்டெல்லாம் உப்புக்காற்றில் துருப்பிடித்து, பிளக் நிற்காமல் ஆடும். அவர் எழுந்துபோய் இரண்டு கையாலும் பிளக்கைச் சுவரோடு அழுத்திப் பிடித்துக்கொண்டார். தலையை மட்டும் திருப்பித் திரையைப் பார்த்தபடி நின்றார். உதடு அசைந்துகொண்டிருந்தது. நெற்றியிலிருந்து வியர்வை மூக்கு நுனிக்கு வந்து சொட்டியது, துடைக்கவில்லை. ஃபேன் ஓடியது. தெருவில் யாரோ ஐஸ் மீன் விற்றுப் போனார்கள். கோடு ஓரிடத்தில் நின்றது. நானும் மூச்சை நிறுத்தினேன். மறுபடி நகர்ந்தது.

முடிந்ததும் பெட்டி தானாக அணைந்தது. அது திரும்ப எழுவதற்குள் கரண்ட் போய்விட்டது.

“முடிஞ்சிடுச்சு,” என்றார் அத்தா. “அதுக்குள்ள முடிஞ்சிடுச்சு, பாத்தியா.” பிளக்கிலிருந்து கையை எடுத்தபோது உள்ளங்கையில் பள்ளமாகத் தடம் விழுந்திருந்தது.

*

அண்ணன் வந்ததும் அத்தாவே போய்ச் சொன்னார், பெருமையாக. கரண்ட் வந்தது. அண்ணன் பெட்டியைப் போட்டான். வழக்கமாக எரிகிற விளக்கு எரியவில்லை. சிவப்பில் ஒரு கால் வட்டம் மின்னியது. திரையில் ஏதேதோ பாஷையில் ஒரே வாக்கியம், கீழே ஒரு நம்பர். அண்ணன் அணைத்துப் போட்டான். அதேதான். அத்தா பின்னால் நின்று, கரண்ட் இப்பதானே வந்திருக்கு, கொஞ்சம் சூடாவட்டும் என்றார்.

அண்ணன் என்னை முற்றத்துக்குக் கூட்டிக்கொண்டு போனான்.

“நீ வேணாம்னு சொன்னியா அவராண்ட?”

“சொன்னேன்.”

“எத்தினி தடவ?”

“நெறய தடவ. தெறந்த பொட்டின்னும் சொன்னேன்.”

“சொல்லியும் அமுக்கிட்டாரு.”

நான் ஆமாம் என்று தலையாட்டினேன். அத்தாவைக் காட்டிக்கொடுப்பதாக எனக்குத் தோன்றவே இல்லை. நான் தடுத்தேன் என்பது அவனுக்குத் தெரிய வேண்டும், அவ்வளவுதான் நினைத்தேன். அவன் பீரோ இருக்கிற அறையைப் பார்த்தான். பாஸ்போர்ட் இருக்கிற பீரோ. பிறகு சின்னதாகச் சிரித்தான். அந்தச் சிரிப்பை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

மறுநாள் நாங்கள் இருவரும் புதுச்சேரி போனோம். பெட்டி என் மடியில் இருந்தது. ரிப்பேர்க்காரர் முதல்முறை எடுத்து வைத்திருந்த பழைய பாடத்தின் நகலைத் தேடியெடுத்து உள்ளே எழுதினார். பெட்டியைப் போட்டார். சிவப்பு. மறுபடி எழுதினார். சிவப்பு. என் நகமெல்லாம் கடித்துத் தீர்ந்திருந்தது.

“பழசு அப்படியேதான இருக்கு?” என்றான் அண்ணன். “அத வெச்சா பழையபடி ஓடணும் இல்ல?”

“பழசு சரியாத்தான் கீது. பொட்டிதான் பழசில்ல.” அவர் ஒரு பேப்பரில் கோடு கோடாகப் போட்டார். “மெயின் சிப்புக்குள்ள இந்த மாதிரி ஃப்யூஸ் வெச்சிருக்கான். கண்ணுக்குத் தெரியாது. அப்டேட் போடும்போது ஒண்ண எரிச்சிடுவான். எரிஞ்சது எரிஞ்சதுதான், எவனாலயும் ஒட்ட முடியாது. ஒவ்வொரு தபாவும் எழுந்திருக்கறப்ப, எத்தினி எரிஞ்சிருக்குன்னு அது எண்ணும். உள்ள கீற பாடம் அதுக்கு ஒத்து வரலேன்னா, நீ பழைய ஆளு, உள்ள வராதன்னு நின்னுடும். நா பூந்த ஓட்டைய அடைச்சதோட இல்லாம, ஓட்ட இருந்த எடத்துக்கே திரும்பிப் போவ முடியாத மாதிரி பண்ணிட்டான்.”

அன்று எடுக்கவா என்று கேட்டாரே, அந்த மிளகு மாதிரிச் சாமான், அது வழியாகத்தான் ஃப்யூஸை எரிக்கிற கரண்ட் போகுமாம். எடுத்திருந்தால் யார் அப்டேட் போட்டிருந்தாலும் ஃப்யூஸ் எரிந்திருக்காது, நகலை வைத்து எழுப்பியிருக்கலாம். அவர் அதைக் குத்திக்காட்டிச் சொல்லவில்லை. அண்ணன்தான் கண்ணை மூடிக்கொண்டான். புதுப் பாடத்தையே முழுசாக ஏற்றித் தருகிறேன், ஒரிஜினல் டிஸ்க் மட்டும் ஓடும், பழையபடி ஆகாது என்றார். அண்ணன் யோசித்துவிட்டு, அப்படியே மூடிக்கொடுங்கள் என்றான்.

வீட்டுக்கு வந்ததும் அத்தா என்னிடம்தான் கேட்டார். அண்ணன் முகத்தைப் பார்க்க அவருக்குத் தைரியமில்லை. எனக்குப் புரிந்ததைச் சொன்னேன். எண்ணிப் பார்க்கும், ஒத்து வரவில்லை என்றால் உள்ளே விடாது என்றேன். அவர் தன் பத்து விரலையும் விரித்துப் பார்த்தார்.

“கைரேக வெச்சு அனுப்பிட்ட மாதிரி,” என்றார்.

அண்ணன் நிலைப்படியில் நின்றிருந்தான். கேட்டது. உள்ளே போய்விட்டான்.

அத்தா வேண்டுமென்று செய்யவில்லை, பயத்தில் செய்தார் என்று பிறகு நான் அண்ணனிடம் எத்தனையோ முறை சொன்னேன். அழுதும் சொன்னேன். “இங்கிலீஷ்ல ஃபாரம் படிச்சு பொழச்ச மனுஷன். நீ கத்திக்கினு இருக்க, அப்பவும் அமுக்கறாரு. அவருக்கு வேண்டியது நடந்துடுச்சு, வுடு” என்றான். அதற்குமேல் அவன் அதைப் பற்றிப் பேசவே இல்லை. சண்டை போட்டிருந்தால்கூடத் தேவலை. பாஸ்போர்ட்டை அவனே பீரோவிலிருந்து எடுத்தான். மழை அந்த வருஷம் தாமதம். உப்பளத்துக் குவியல்கள் ஓலை மூடாமலே இருந்தன. மழைக்கு முன்னாலேயே அவன் போய்விட்டான். ஏர்போர்ட்டில் அம்மாவைக் கட்டிக்கொண்டான், என் தலையில் தட்டினான், அத்தாவுக்குச் சலாம் மட்டும் சொன்னான். முதல் இடி இடித்தபோது நான் தலையணைக்குள் முகத்தை வைத்துக்கொண்டேன்.

*

இந்த இத்தனை வருஷத்தில் அவன் லீவில் வந்து வந்து போயிருக்கிறான். கல்யாணம் ஆயிற்று, பிள்ளைகள் ஆயிற்று. அத்தாவோடு பேசாமல் இல்லை. நன்றாகத்தான் பேசுவான். வெளியாள் கேட்டால் ஒன்றும் தெரியாது. நாளாக நாளாகப் பேச்சு எல்லாம் “அடிச்சாச்சா?”, “அடிச்சாச்சு” என்ற அளவில் நின்றுவிட்டது. அவனே ஒரு முறை அட்டை தேதி தாண்டப்போய், அறையை விட்டு வெளியே வராமல் பல நாள் ஒளிந்திருந்தான் என்று என் வீட்டுக்காரர் மூலமாகத்தான் எனக்குத் தெரிந்தது.

போன ரம்ஜானுக்குக் கொஞ்சம் முன்னால் அத்தாவின் ஃபோனுக்கு அண்ணனின் வீடியோ கால் வருவது நின்றுபோனது. அவனுக்கு நேரமில்லை போல என்று அத்தா சொல்லிக்கொண்டார். அங்கே அவன், அத்தா எடுக்க மாட்டேங்கிறார் என்று நினைத்துக்கொண்டிருந்தான். நோன்புக்கு லீவில் வந்தவன் அந்த ஃபோனை வாங்கிப் பார்த்தான். நான் எதிரில் கஞ்சிக்கு வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன்.

“இது என்னா, வாங்கினதுலேர்ந்து ஒரு அப்டேட்டும் போடல? அதான் கால் வரல. இவ்ளோ பழசுல அந்த ஆப்பு ஓடாது.”

“அது தெனமும் கேட்டுது,” என்றார் அத்தா. “நா வேணாம்னுதான் அமுக்கினேன். எப்பவுமே வேணாம்னுதான் அமுக்கறது.”

அண்ணன் அவரை நிமிர்ந்து பார்த்தான்.

“ஒருதரம் அமுக்கி உன்ன பிளைட்டு ஏத்தி வுட்டேனே, போதாதா” என்றார் அவர். சிரிக்க முயன்றார், வரவில்லை.

நான் வெங்காயத்தைக் கீழே வைத்தேன். அண்ணன் ஃபோனில் எதையோ தேடி, கேள்வி வந்ததும் அத்தா பக்கம் நீட்டினான்.

“நீங்களே அமுக்குங்க.”

“போட்டா திரும்ப பழசாவாதேப்பா.”

“ஆவாது. பரவால்ல. அமுக்குங்க அத்தா.”

அத்தா வேட்டியில் விரலைத் துடைத்தார். அமுக்கினார். சின்னத் திரையில் ஒரு கோடு இடமிருந்து வலமாக நிரம்ப ஆரம்பித்தது. ஃபோன் சார்ஜர் வயரோடு ஸ்டூல்மேல் இருந்தது. அத்தா முட்டியைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். சுவர் வரை நடந்துபோய், குனிந்து, இரண்டு கையாலும் சார்ஜர் பிளக்கைச் சுவரோடு அழுத்திப் பிடித்துக்கொண்டார். தலையை மட்டும் திருப்பி எங்களைப் பார்த்தபடி நின்றார். உதடு அசைந்தது.

அண்ணனுக்கு முதலில் புரியவில்லை. பிறகு மெதுவாக என் பக்கம் குனிந்தான்.

“அன்னிக்கும் இப்படியா நின்னாரு?”

“முடியற வரைக்கும். கரண்ட் போயிடுமோன்னு, பிளக்கு கழண்டுடுமோன்னு. கையெல்லாம் தடம் வுழுந்துடுச்சு.”

அமுக்கினாரா, சொல்லியும் அமுக்கினாரா என்றுதான் அன்றைக்கு என்னிடம் கேட்டான். அமுக்கிவிட்டு என்ன செய்தார் என்று அவன் கேட்கவில்லை. அதுவும் ஒரு சாட்சி என்று எனக்கும் அந்த வயசில் தெரியவில்லை.

அது ஃபோன். உள்ளே பேட்டரி நிறைய இருந்தது. பிளக் கழன்று விழுந்தாலும் ஒன்றும் ஆகாது. அண்ணனுக்கு அது தெரியும். அவன் சொல்லவில்லை. எழுந்துபோய் அத்தாவின் பக்கத்தில் நின்றான். கோடு பாதி வந்திருந்தது.

“நீங்க உக்காருங்க அத்தா,” என்றான். “மீதிய நா புடிச்சுக்கறேன்.”